படத்தில் எங்கே பார்ப்பது?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டில் பூச்சி பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். இந்த வட்டாரத்தில் யார் ஈயைப் படம் பிடித்தாலும் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, இது என்ன ஈ?"

அண்மையில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அனுப்பியதைச் சொல்கிறேன். சாம்பல் நிற ஈ. முதுகில் மூன்று கறுப்புக் கோடுகள், வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், கண் இரண்டும் நல்ல சிவப்பு. கால் மயிரைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. "இறைச்சி ஈ, தம்பி" என்றேன். "அது தெரியும்ணே. எந்த இனம்?"

அங்கேதான் நின்றுவிட வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் எத்தனையோ இனங்கள் இதே கோடும் கட்டமுமாகத்தான் பறக்கின்றன. ஆண் ஈயைப் பிடித்து, வயிற்று நுனியில் மடங்கியிருக்கும் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பெரும்பாலும் இனம் பிரியும். முதுகைக் காட்டும் படத்தில் அது எப்படித் தெரியும்? கேமராமேல் குற்றமில்லை. பார்க்க வேண்டிய இடம் படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தம்பி விடவில்லை. "சும்மா ஒரு பேர் சொல்லுங்கண்ணே." சொல்ல மாட்டேன். குத்துமதிப்பாகச் சொன்ன பெயர் நாலு பேர் வாயில் விழுந்தால் உண்மையாகிவிடும். "இறைச்சி ஈ குடும்பம்" என்பது அரைகுறைப் பதில் இல்லை, அந்தப் படத்துக்கு அதுதான் சரியான பதில்.

எல்லா ஈயும் இப்படிச் சோதிக்காது. உலு கோம்பாக் ஓடையோரங்களில் நீண்ட காம்பின் நுனியில் கண் வைத்திருக்கும் ஈயைக் குழந்தைகூட அடையாளம் காணும். தேனீ வேஷம் போடும் பூ ஈயைப் பிடிக்க இறக்கையைப் பாருங்கள். தேனீக்கு இரண்டு ஜோடி, ஈக்கு ஒரே ஜோடி. பின்ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது அவைதான் ஈயை நிலைதடுமாறாமல் வைத்திருக்கின்றன.

அதனால் முதுகோடு நிறுத்தாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, அப்புறம் இறக்கை. இறக்கை நரம்பு ஓடும் விதத்தை வைத்தே பல குடும்பங்களைப் பிரித்துவிடலாம். மறுபடியும் சொல்கிறேன், இறக்கை தெரிய வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பழ ஈயைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பப்பாளிப் பழ ஈ என்று தனிப் பெயரோடு இருந்ததை 2015-இல் ஆய்வாளர்கள் கீழைத்தேசப் பழ ஈயோடு சேர்த்துவிட்டார்கள். பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழ ஈ மட்டும் இன்னும் தனி இனம். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுப் பெலிம்பிங்கில் புழு கண்டால் படம் மட்டும் போதாது. ஈயையும் ஒரு புட்டியில் போட்டு விவசாய இலாகாவில் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.