ஆபீஸுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் பிள்ளை தொலையாமல் இருக்க

(தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசை அண்ணாச்சிமார்களுக்கும், அடுப்பில் வைத்ததை அப்படியே பாதியில் விட்டு வந்திருக்கிற அக்காமார்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. பாதுகாப்பு தேவைப்படுகிற பிள்ளைகளை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு முன்னால் தமிழ்ப் பிள்ளைகள் வந்து நிற்கும்போது அவர்கள் சொல்வதை இந்தியிலோ மராத்தியிலோ எடுத்துச் சொல்லப் போய் வருகிறவள், அவ்வளவுதான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. போலீஸ் தன் வேலையைச் செய்யும், ஆஸ்பத்திரி செய்யும், பள்ளிக்கூடமும் செய்யும். இத்தனை பேர் செய்தும் பிள்ளை நடுவில் தொலைந்து போகும். நம் சந்தில் தண்ணீர் வரும் நேரத்தில் குடம் கைமாறிக் கைமாறிப் போகுமே, அதில் தண்ணீர் சிந்துவது கை மாறுகிற இடத்தில்தானே? இன்றைக்குப் பேசப்போவது அந்த இடத்தைப் பற்றித்தான்.

ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், எந்த அலுவலகம் என்று யாரும் கேட்க வேண்டாம். பதிமூன்று வயது இருக்கும். அப்பா அடித்தார் என்று கோபித்துக்கொண்டு ரயில் ஏறியவன் குர்லா டெர்மினஸில் இறங்கி நிற்கிறான். ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் கண்ணில் பட்டான், நல்லவேளை. டைரியில் எழுதினார்கள், உடம்புக்கு எதுவும் இல்லையே என்று டாக்டரிடம் காட்டினார்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது அதைத்தான், பயண நேரத்தை மட்டும் அந்த 24 மணியில் சேர்ப்பதில்லை. இந்தக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும், அதில் ஒருவராவது பெண். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இதற்கு உண்டு, ஆகவே ஏதோ சங்கத்துக் கமிட்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எந்த ஊர் என்று கேட்டதற்குப் பையன் "திருநெல்வேலி" என்றான். நாமும் அப்படித்தானே சொல்கிறோம், பம்பாய்க்கு வந்து மூன்று தலைமுறை ஆனவர்கள்கூட. சரி என்று, பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கிற அரசாங்க ஆபீஸான திருநெல்வேலி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கடிதம் போனது. அங்கே தேடினார்கள், அப்படி ஒரு வீடு இல்லை என்று பதில் வந்தது. இதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன, பையன் இங்கே குழந்தைகள் இல்லத்தில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயரை நான் கேட்கவே இல்லை. "உங்க அம்மா காய்கறி வாங்க எங்கலே போவாங்க?" என்று கேட்டேன். "பாவூர்சத்திரம் மார்க்கெட்டு" என்றான். அந்தப் பக்கமெல்லாம் 2019 நவம்பரிலேயே திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் ஆகிவிட்டது. கடிதம் தென்காசிக்குப் போனதும் வீடு கிடைத்துவிட்டது.

இதில் என்னால் மறக்க முடியாதது எது தெரியுமா? அவன் அப்பா அங்கே போலீஸில் ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறார். காணாமல்போன ஒவ்வொரு பிள்ளைக்கும் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதால் எஃப்ஐஆரும் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு ஃபைலில் பிள்ளையைக் காணோம், இங்கே ஒரு ஃபைலில் பிள்ளை கிடைத்திருக்கிறான், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. யார் தப்பு என்று கேட்டால் ஒருவரையும் காட்ட முடியாது, அவரவர் பக்கத்தில் அவரவர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். பிறகு சட்டப்படி அவனை அந்த மாவட்டத்துக் குழுவிடம் அனுப்ப உத்தரவு போட்டார்கள். உத்தரவு கிடைத்த 15 நாளுக்குள் போலீஸ் துணையோடு கூட்டிப் போக வேண்டும், பெண் பிள்ளை என்றால் பெண் போலீஸ் கூடப் போக வேண்டும். போனான். ஆனால் அப்பா அடித்ததால்தானே ஓடிவந்தான்? அந்த வீட்டை அதற்கப்புறம் யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது அவன் ஃபைலில் அடுத்து யார் கை வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

அது ஊரிலிருந்து வந்த பிள்ளை கதை. நம் சந்துக்குள்ளேயே நடப்பதைப் பார்ப்போம். இந்த ஊர் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று, உங்களுக்குத் தெரியும். ஒரு பெண் பிள்ளை தீபாவளி லீவுக்கு அப்புறம் வகுப்புக்கு வரவில்லை என்று வையுங்கள். டீச்சர், ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். அவள் அம்மா படுத்த படுக்கையாக இருப்பது கைக்குழந்தைக்கு எடை பார்க்க வந்த அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும், ஆனால் மூத்தவள் பள்ளிக்குப் போகிறாளா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. பக்கத்துச் சந்துப் பட்டறையில் நூல் வெட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பதை டீக்கடைக்காரர் தினமும் பார்க்கிறார், யாரோ சொந்தக்காரப் பிள்ளை என்று நினைக்கிறார். ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். மூன்று துண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பதினான்கு வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை சட்ட விரோதமாக வேலை செய்கிறாள் என்று ஒரே நாளில் தெரிந்திருக்கும். அதைச் சேர்த்து வைக்கிற இடம் எது? பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், மொத்தத்தில் பாதி பெண்கள். அதாவது நீங்கள்தான். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள், பெஞ்சிலிருந்து காணாமல் போன பிள்ளைகள் யார் யார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். முதலில் தெரியவேண்டிய இடத்துக்குத் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் நாமேதான். ஒரு பிள்ளையிடம் யாரோ தப்பாக நடந்துகொண்டால் நான்கு பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, "பொண்ணு பேரு கெட்டுப் போயிரும்ப்பா, பேசி முடிச்சுருவோம்" என்று பணத்தைக் கொடுத்து, அவனை வேறு ஏரியாவுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வேறு ஏரியாவில் பிள்ளைகளே இல்லையா என்று நான் கேட்டால் கோபம் வருகிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்காக 2012 நவம்பர் 14இல் அமலுக்கு வந்த போக்சோ சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். நடக்கப்போகிறது என்று பயம் இருந்தாலே சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை ஜெயில், ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது, இதை மட்டும் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

சொன்னபிறகு என்ன நடக்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ வந்து, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வாக்குமூலம் எழுத வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. சயான் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வேறு எங்கே போனாலும், போலீஸ் பேப்பர் இருந்தால்தான் அவசர சிகிச்சை என்று டாக்டர் சொல்லக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் கொடுத்தாக வேண்டும். இதுவும் ஒரு கைமாற்றம்தான், இங்கேயும் சிந்தும். அதனால் போலீஸிடம், "குழுவுக்குத் தகவல் போய்விட்டதா சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள், அவர்களுக்கும் ஞாபகம் வரும். கேஸ் முடியும்வரை பிள்ளை கூடவே இருக்க ஆதரவு நபர் ஒருவரைக் குழு நியமிக்கலாம். கோர்ட் தேதி என்ன, குற்றம் சாட்டப்பட்டவன் ஜாமீன் கேட்டிருக்கிறானா, எல்லாவற்றையும் அவர்தான் வீட்டுக்கு வந்து சொல்வார். சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து மாதிரி அவசரச் செலவுக்கு உடனே பணம் கொடுக்கவும் குழு சிபாரிசு செய்யலாம். இது இரண்டையும் கேட்டு வாங்குகிற குடும்பத்தை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

யாரைக் கூப்பிடுவது என்று ஒரு அக்கா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். 1098, பிள்ளைகளுக்கான உதவி நம்பர். இந்த நம்பர் பிறந்தது நம்ம ஊரிலேதான், 1996இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு திட்டமாக. 2023இலிருந்து அரசாங்கமே நடத்துகிறது, அவசர உதவி நம்பரான 112ஓடும் இணைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டுமே என்று யோசிக்காதீர்கள், பிள்ளை இருக்கிற இடத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். தாராவி என்றால் போதாது, எந்த ரோடு, எந்தக் கோயில் பக்கம், எந்தச் சந்து. குழு சரியாக நடந்துகொள்ளவில்லை என்றால் மாவட்டக் கலெக்டரிடம் புகார் கொடுக்கலாம், இளைஞர் நீதிச் சட்டத்திலேயே அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப். ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் போட்டோவை நாற்பது குரூப்பில் போட்டுவிட்டுத்தான் நம் ஆட்கள் போனையே எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் படம், பெயர், பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது, அதற்கும் ஜெயில் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். மொழி தெரிந்தவர்கள், ஆதரவு நபர்கள் எல்லோருடைய பெயரையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்று 2020ஆம் வருஷத்துப் போக்சோ விதிகள் சொல்கின்றன. மொழி எடுத்துச் சொல்வதற்குத் தகுதி பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளையின் மொழி உங்களுக்குத் தாய்மொழியாக இருக்கலாம், ஆரம்பப் பள்ளி வரையாவது அதில் படித்திருக்கலாம், இல்லையென்றால் அந்த மொழி பேசுகிற இடத்தில் குடியிருந்து கற்றிருக்கலாம். அதோடு இந்த மாநிலத்தின் மொழியும் தெரிய வேண்டும். இந்தக் கூடத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பதிவேட்டில் தமிழுக்கு நேரே இன்னும் பெயர்கள் வேண்டும், குறிப்பாகப் பெண்கள். செலவுக்குக் கொடுக்க விதியில் வழி இருக்கிறது, ஆனால் சொன்ன நாளில் கைக்கு வரும் என்று நம்பி வர வேண்டாம். வாசல் பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரும் போன் நம்பரும், உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள். திருநெல்வேலியா தென்காசியா தூத்துக்குடியா, சரியாக எழுதுங்கள்.