அடுப்புக்கும் மூக்குக்கும் இடையே ஒரு முழம்

[காட்சி: ஓட்டு வீட்டின் சமையற்கட்டு. கரி படிந்த சுவர். மண் அடுப்பு.]

விடியற்காலை ஐந்தரை மணி. ஈர விறகு எளிதில் பற்றுவதில்லை என்பதால், அடுப்பின் முன் குந்தியிருக்கும் பெண் ஊதுகுழலை எடுத்து ஊதுகிறார். அவர் முகத்துக்கும் நெருப்புக்கும் இடையே ஒரு முழம்தான் இருக்கும். ஒரு முறை ஊதி முடித்ததும் அடுத்த ஊதலுக்காக அவர் மூச்சை ஆழமாக இழுத்தாக வேண்டும். நெருப்பு பற்றாமல் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும் நேரமும் அதுவே.

காற்று மாசு என்றதும் ஆலைப் புகையும் வாகன நெரிசலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எவ்வளவு புகை வெளிவருகிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுரையீரலுக்குள் போகிறது என்பதே முக்கியம். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் அடுப்புப் புகையை அளந்த அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: திறந்த வெளியில் கலக்கும் மாசைக் காட்டிலும், வீட்டுக்குள் வெளிப்படும் அதே அளவு மாசு மனித நுரையீரலைச் சென்றடையும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000 மடங்கு அதிகம். அனல்மின் நிலையத்தின் புகை வானில் பரவி நீர்த்துப்போகிறது. அடுப்பின் புகைக்குப் போக்கிடம் இல்லை.

[காட்சி: தலைமுடி ஒன்றும் அதன் அருகே நுண்துகள்களும், பெரிதாக்கப்பட்டு.]

அடுப்புப் புகையில் உள்ள பி.எம். 2.5 எனும் நுண்துகள்கள் 2.5 மைக்ரானுக்கு மிகாத விட்டமுள்ளவை. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கின் மயிரும் சளிப்படலமும் தடுத்துவிடும். இத்துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ப் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது மூச்சுக்குழல்கள் குறுகி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக மாறுகிறது. இரத்தக் குழாய்களும் பாதிக்கப்படுவதால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி ஏற்படுகிறது. பீடியைத் தொட்டே பார்த்திராத பாட்டிகளுக்கும், பீடி பிடித்த தாத்தாக்களுக்கு வருவதைப் போன்ற இளைப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடுப்பில் இருக்கும் குழந்தையும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. அடுப்புப் புகை சூழ்ந்த வீடுகளில் சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

அப்படியானால் கேஸ் அடுப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிடுமா? இதற்கு விடை தேடி இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதியைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம். கேஸுக்கு மாறியவர்களுக்கு அது 24 ஆகக் குறைந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதை வைத்துப் புகையால் தீங்கில்லை என்று சொல்வது அவசர முடிவு. அந்தப் பெண்களுக்குக் கேஸ் அடுப்பு கிடைத்தபோது கர்ப்பம் ஏற்கெனவே இரண்டு மாதத்தைக் கடந்திருந்தது. குறைந்துபோன அந்த 24கூட, உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாகப் பரிந்துரைக்கும் 5ஐப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. நம் வீட்டில் விறகு எரியாவிட்டாலும், பக்கத்து வீட்டுப் புகைக்கு வேலி ஏது?

[காட்சி: நகரத்து அடுக்ககம். சன்னல்கள் சாத்திய படுக்கையறை. கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள்.]

விறகே இல்லாத வீட்டிலும் அந்த ஒரு முழம் இருக்கிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இது துகளின் எடையைப் பற்றிய ஒப்பீடு மட்டுமே. நோயும் அதே அளவில் வரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. என்றாலும், இரவு முழுவதும் மூடிய அறையில் அதன் அருகிலேயே உறங்குகிறோம் என்பதுதான் கவலைக்குரியது. காய்ந்த மிளகாயைத் தாளித்தால் வீடே இருமும், உடனே கதவைத் திறந்துவிடுவோம். சுருளின் புகை அந்த அளவுக்கு உறுத்தாததால் யாரும் எழுவதில்லை. கொசுவலைக்கு இந்தக் குறை கிடையாது.

காற்றைச் சுத்திகரிக்கும் கருவி வாங்குவதற்கு முன், புகை பிறக்கும் இடத்திலேயே அதை வெளியேற்றப் பார்ப்பது நல்லது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் வெளியே போகும் காற்றின் இடத்தை நிரப்ப வேறொரு வழியாகக் காற்று உள்ளே வராவிட்டால், அது வெறுமனே சத்தம் போட்டுக்கொண்டு சுழலும். ஃபேனை ஓடவிட்டு, சமையலறைக் கதவின் இடுக்கில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் சமையலறைப் பக்கமாக வளைந்தால் காற்று ஓடுகிறது; அசையாமல் தொங்கினால், சமையலறைக்கு எதிர்ப்பக்கத்து அறையின் சன்னலைத் திறந்துவிட்டு மீண்டும் பிடித்துப் பாருங்கள்.