மூச்சும் அசைவும்: அக்டோபர் 1 முதியோர் தினக் கூட்டத்தில் பேசியது

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த மருத்துவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த வணிகர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, ஓய்வூதியர் சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே (காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறார், யாராவது அவரை உட்காரச் சொல்லுங்கள்), தாய்மார்களே, பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். முதுமையில் வரும் மனச்சோர்வு, அதற்கு உதவும் பயிற்சி, அப்புறம் சாப்பாடு.

பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் மனசைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். முதுகு வலி என்பார்கள், பசியில்லை என்பார்கள், மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பார்கள். நாமும் வயசாகிவிட்டது, அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். தவறு! அது நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையா, 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரத்திலும் பேசலாம், காசு கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர், பத்துப் பைசா உதைத்தால் ராத்திரி முழுக்கத் தேடுவார். மனைவி போன பிறகு சாய்வு நாற்காலியே கதி. பேப்பர் மடித்தபடியே கிடக்கும். பேத்தி கேரம் ஆடக் கூப்பிட்டால், "போம்மா." மகள்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார், மாத்திரையில் தூக்கம் வந்தது, ஆனால் ஆள் எழவில்லை. அப்போது வந்தார் ஒரு பிசியோதெரபி தம்பி. "எழுந்திருக்கவே வேண்டாம் ஐயா, மூச்சை இழுக்கும்போது கையைத் தூக்குங்கள், விடும்போது இறக்குங்கள், கவனம் மட்டும் மூச்சில் இருக்கட்டும்" என்றார். பெரியவருக்குக் கோபம். "இது ஒண்ணாம் கிளாஸ் டிரில்லுப்பா!" தம்பி விடவில்லை. "சரிங்க ஐயா, தினம் எத்தனை மூச்சு என்று கணக்காவது எழுதி வையுங்கள்." கணக்கு என்றதும் மனிதர் நிமிர்ந்துவிட்டார்! பழைய டைரி, சிவப்பு மை, கோடு போட்டு, தேதி போட்டு மூச்சை வரவு வைக்க ஆரம்பித்தார். அப்புறம் நாற்காலியைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்கினார், பூங்காவுக்கு வந்து நாலு பேரோடு சேர்ந்து செய்தார், கேரமும் ஆடினார். எறும்பூரக் கல்லும் தேயும்!

2011-இல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஹெலன் லாவ்ரெட்ஸ்கி குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். மனச்சோர்வு மாத்திரையில் ஓரளவுக்கே குணம் கண்ட 73 பேரை இரண்டாகப் பிரித்து, மாத்திரையை நிறுத்தாமலே, ஒரு பிரிவுக்கு, மூச்சோடு சேர்ந்து மெதுவாக அசையும் தை சீ என்ற சீனப் பயிற்சியும் மற்றதற்கு உடல்நல வகுப்பும் வாரம் இரண்டு மணி நேரம், 10 வாரம் நடத்தினார்கள். தை சீ செய்தவர்களுக்குத்தான் சோர்வு அதிகமாகக் குறைந்தது. மாத்திரையை நிறுத்தாமலே என்றேன், கவனியுங்கள். பயிற்சி வந்துவிட்டது என்று மாத்திரையைத் தூக்கிப்போடாதீர்கள். பிரஷர், கண்ணில் நீரழுத்தம் இருப்பவர்கள் தலைகீழாக நிற்கவோ மூச்சை அடக்கவோ வேண்டாம். மெதுவாகப் போதும், எறும்பூரக் கல்லும் தேயும்.

அந்தப் பெரியவர் இப்போது பூங்காவுக்கு வருவதில்லை. ஏன் தெரியுமா? பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார், அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டும், பூங்காவின் கழிப்பறையோ பூட்டிக் கிடக்கிறது. நம் தாய்மார்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம், வெளியே போக வேண்டும் என்றால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மூச்சைக் கவனி என்றால், அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த மூச்சைக் கவனிப்பது? நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கிறது, ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அப்புறம் படுக்கைதான், பழைய சோர்வு இரட்டிப்பாகத் திரும்பும்.

தலைவர் அவர்களே, நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. விடியற்காலை 5 மணிக்குப் பூங்காவும் கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குள் பிடித்து எழக் கைப்பிடிக் கம்பி வேண்டும். பயிற்சிக்கு மேடு பள்ளமில்லாத ஒரு சமமான தரை, ஓரத்தில் பிடிமானம் வேண்டும். போன முறையும் கேட்டோம், அடுத்த முறையும் கேட்போம், எறும்பூரக் கல்லும் தேயும்!

சாப்பாட்டைப் பற்றிப் பேச நேரமில்லை. மனு வாசல் மேசையில் இருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், கை நடுங்குபவர்கள் ரேகை வைக்கலாம். தலைவர் அவர்கள் கிளம்புவதற்குள் இந்த மேடையிலேயே அதை வாங்கிக்கொண்டு, எந்தத் தேதிக்குள் பூட்டைத் திறப்பார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.