ஜெர்பரா சீசன் பூ இல்லை

வணக்கம் நேயர்களே. கல்யாண மேடை அலங்காரத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ் என்று அகலமாக விரிந்து நிற்குமே, அந்த ஜெர்பராவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஓசூரிலும் நீலகிரியிலும் பசுமைக்குடில் போட்டு வளர்க்கிறார்கள் என்பதால், நம் வீட்டுக்கு இது ஒத்துவராது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆசைப்பட்டு வாங்கியவர்களோ, "நர்சரியில் நாலு பூவோடு இருந்தது, ஒரே மாசத்துல போயிடுச்சு, இது சீசன் பூதானே?" என்று கேட்கிறார்கள். இல்லைங்க. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து வந்த, பல வருஷம் இருந்து பூக்கிற செடி இது.

அப்புறம் ஏன் சாகிறது? பெரும்பாலும் நடும்போதே கோளாறு நடந்துவிடுகிறது. எல்லா இலையும் மண்ணை ஒட்டி ஒரே குருத்திலிருந்துதான் கிளம்பும், அந்தக் குருத்து மண்ணுக்குக் கொஞ்சம் மேலே தெரிய வேண்டும், நாமோ கழுத்துவரை மண்ணை அணைத்து, அழுத்தி, அதன் தலையிலேயே தண்ணீரையும் ஊற்றுகிறோம். இலையைத் தொட்டால் கையோடு வருகிறது, அடி கறுத்திருக்கிறது என்றால் அழுகல் பிடித்துவிட்டது. அதற்குமேல் மருந்துக்குச் செலவு செய்யாதீர்கள். செம்மண், மணல், மக்கிய உரம், தென்னை நார்க்கழிவு கலந்து, அடுத்த செடியைத் தண்ணீர் தேங்காத தொட்டியில் வையுங்கள். காலை வெயில் போதும், சென்னை மாதிரி ஊரில் மதிய வெயிலுக்கு நிழல் கொடுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இளம் இலையைக் கவனியுங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. இந்தச் செடிக்கு மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது, நம் போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தூக்கிவிடும். செடி சுலபமாக உறிஞ்சும்படி செய்த இரும்புச்சத்து, கிலேட் இரும்பு என்று உரக்கடையில் கிடைக்கும், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் விசேஷம்.

பூ பறிப்பதில்தான் எனக்கு ருசி. நடுவில் வட்டமாக இருப்பது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள், ஓரத்திலிருந்து உள்பக்கமாக வரிசை வரிசையாக மலரும். வெளி இரண்டு வரிசையில் மகரந்தம் தெரிந்த பிறகு பறியுங்கள், அவசரப்பட்டால் ஜாடியில் தலை தொங்கிவிடும். கத்தரி வேண்டாம், மிச்சம் நிற்கும் காம்பு அழுகிக் குருத்துவரை போகும். காம்பின் அடியைப் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் சுத்தமாகக் கழன்று வரும். ஜாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், காம்பு முழுக்க ரோமம், ஆழமாக முங்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும்.