கோட்டைத் தொட்டுத் திரும்பு

வணக்கம் நேயர்களே. வானொலி நிலையத்திலிருந்து போன் வந்தபோது கிரிக்கெட் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். “உங்கள் பையன் அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடினானாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். என் பையன் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பாதி ஆட்டங்களில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அவன் புண்ணியத்தில் நான் நான்கு வருடம் வெள்ளிக்கிழமை மாலைகளில் கலிபோர்னியாவின் ஹைஸ்கூல் மைதானங்களில் குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்து, ஒரு டீமை எப்படிக் கட்டுகிறார்கள், கட்டியது எப்படிக் கலைகிறது என்று இரண்டையும் பார்த்துவிட்டேன்.

நான் சொல்லும் ஃபுட்பால் காலால் உதைப்பது அல்ல. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. எங்கள் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பள்ளியின் பெயர் வராமல் இருக்காது. டி லா சால். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, கான்கார்ட் என்ற ஊரில் இருக்கும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. 1965இல் தொடங்கியது. 1979இல் பாப் லாடசூர் என்ற 25 வயது இளைஞர் அங்கே கோச்சாக வந்தார். அதுவரை அந்தப் பள்ளி ஒரு சீசனில்கூடத் தோல்வியை விட அதிகமாக வெற்றி கண்டதில்லை. அவர் ஓய்வு பெற்ற 2013 ஜனவரியில் கணக்குப் பார்த்தால் 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமன். நடுவில் 1992 தொடங்கி 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. அதற்கு முன் இருந்த தேசிய சாதனை 72.

இதைச் சொன்னதும் எதிர்வாதம் வரும். தனியார் பள்ளி, ஊர் எல்லை கிடையாது, நல்ல பையன்களாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள் என்பார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஜெயிக்கிற பள்ளியைத் தேடித் திறமையான பையன்கள் வரத்தான் செய்வார்கள். ஆனால் 1979இல் அந்தப் பள்ளியைத் தேடி யார் வந்தார்கள்? முதல் செங்கல் எப்படி வைக்கப்பட்டது என்பதல்லவா கேள்வி.

அவர்கள் பெரும்பாலும் ஆடியது ‘வியர்’ என்ற பழைய பாணி ஆட்டம். எதிரணியில் ஒரு ஆளை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், அதைப் பின்னால் இருக்கும் ஓட்டக்காரனின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஆளின் தோளைப் பார்ப்பான். அந்த ஆள் ஓட்டக்காரன் மேல் பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை இழுத்துக்கொண்டு தானே ஓடுவான். பாயாமல் நின்றால் பந்தை ஓட்டக்காரனிடமே விட்டுவிடுவான். கண் இமைக்கும் நேரத்தில் முடிவு. இதில் மாயம் ஒன்றும் இல்லை, எதிரணிக்கும் தெரியும். ஆனால் முன்வரிசை ஆட்கள் எல்லோரும் ஒரே நொடியில், ஒரே உயரத்தில் குனிந்து பாய்ந்தால்தான் பலிக்கும். ஒருவன் அரை நொடி பிந்தினாலும் போச்சு. அந்த அரை நொடிக்காகத்தான் ஜனவரியிலிருந்தே எடை தூக்குவதும் ஓடுவதும். சீசன் தொடங்குவதோ ஆகஸ்ட் கடைசியில்.

அவர்களிடம் எனக்குப் பிடித்தது அந்த அட்டைதான். வாரா வாரம் ஒவ்வொரு பையனும் கையளவு அட்டையில், பயிற்சியில் இதைச் செய்வேன், ஆட்டத்தில் இதைச் செய்வேன் என்று எழுதி, ஆட்டத்துக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் வாசித்து, கூட ஆடும் ஒருவனிடம் கொடுக்க வேண்டும். கோச்சிடம் அல்ல, இன்னொரு பையனிடம். எனக்கு இதில்தான் சூட்சுமம் இருப்பதாகப் படுகிறது. கோச்சை ஏமாற்றலாம், பெற்றோரை ஏமாற்றுவது இன்னும் சுலபம். பக்கத்தில் ஓடுகிறவனை எப்படி ஏமாற்றுவது?

அவர்கள் ஒருமுறை எங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து வந்தார்கள். அது அவர்கள் வழக்கம். எனக்குப் பின்வரிசையில் யாரோ கிண்டலாகச் சிரித்தார்கள். இடைவேளைக்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஸ்கோரை விட்டுவிடலாமே.

அடுத்த சீசனில் எங்கள் பள்ளியிலும் அட்டை வந்தது. புதுக் கோச் ஆர்வமுள்ளவர். என் மனைவி பெற்றோர் குழுவில் இருந்ததால் பண்டல் பண்டலாக அட்டை வாங்கி வைத்தாள். முதல் வாரம் சாப்பாட்டு மேசையில் பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ‘நன்றாக ஆடுவேன்’ என்று எழுதி அடித்தான். கடைசியில் ஒரே வரி எழுதினான்: ‘ஓடும்போது கோட்டைத் தொட்டுத்தான் திரும்புவேன்.’ கேட்டேன், என்னடா இது என்று. பயிற்சி ஓட்டத்தில் எல்லோரும் கோட்டுக்கு ஓரடி முன்னாலேயே திரும்பிவிடுகிறார்களாம், இவனும்தானாம். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லையாம். அந்த வாரம் அவன் அட்டையை வாங்கிக்கொண்ட பையன், ஒவ்வொரு ஓட்டத்திலும் கோட்டருகே நின்று இவன் ஷூவையே பார்த்தானாம். திட்டிக்கொண்டே சொன்னான். ஆனால் தொட்டான்.

அந்தக் கோச் பிப்ரவரியில் போய்விட்டார். பக்கத்து மாவட்டத்தில் சம்பளம் கூட. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருடத்தில் மூன்று கோச். மூன்று பேருக்கும் மூன்று விதமான ஆட்டம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பையன்கள் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார்கள். கோச் போவதைப் பற்றிப் பள்ளி நிர்வாகத்திடம் கேட்கப் போனோம். ஸ்கோர்போர்டுக்கு நன்கொடை திரட்ட முடியுமா என்று எங்களைத் திருப்பிக் கேட்டார்கள். லாடசூர் ஒரே பள்ளியில் 34 சீசன் இருந்தார். சமயப் பாடமும் அவரே நடத்தினார். துணைக் கோச் டெரி ஐட்சனும் பல வருடம் கூடவே இருந்தார். லாடசூருக்குப் பின் பொறுப்பேற்ற ஜஸ்டின் ஆலம்பா அவரிடமே ஆடியவர்.

அவர்களும் தோற்றார்கள். 2004 ஆகஸ்டில், அப்போதுதான் பள்ளி முடித்து ஒரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்த அவர்களுடைய பையன் ஒருவன் ரிச்மண்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டான். சில வாரம் கழித்து, செப்டம்பர் 4ஆம் தேதி, சியாட்டிலில் பெல்வியூ பள்ளியிடம் 39க்கு 20 என்று தோற்றார்கள். பெல்வியூவும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடியே ஜெயித்தது. வைத்தியருக்கே அவர் மருந்தைக் கொடுத்தது மாதிரி. அன்றோடு 151 முடிந்தது. டீம் முடியவில்லை. 1991இல் பக்கத்து ஊரான பிட்ஸ்பர்க் பள்ளியிடம் தோற்றதற்குப் பிறகு வட கலிபோர்னியாவில் அவர்களை இன்னொரு பள்ளி வெல்ல 2021 ஆனது.

எங்கள் வீட்டில் அந்த அட்டைகள் இன்னும் ஒரு டிராயர் நிறைய இருக்கின்றன. போன சனிக்கிழமை அதில் ஒன்றில் மளிகைச் சாமான் எழுதிக் கொடுத்தாள் என் மனைவி. கடைக்குப் போய்விட்டு வந்ததும், பையைப் பிரிக்கும் முன்னாலேயே, “அட்டையைக் காட்டுங்கள்” என்று கை நீட்டினாள். புளி மறந்திருந்தேன்.