வாலைப் பார்க்காதீங்க, வாயைப் பாருங்க!

வணக்கம் மக்களே! மாடு பூமியைச் சூடாக்குதுன்னு சொன்னதும் மூக்கைப் பொத்திக்கிட்டு வால் பக்கம் பார்க்குறீங்களா? தப்பான பக்கம் லா! பூமியைச் சூடாக்குறது மாடு விடுற மீத்தேன்கிற வாயு. அதுல பெரும்பகுதி வெளிய வர்றது வாய் வழியா. ஏப்பம்!

(காட்சி: அசை போடும் மாட்டின் கழுத்து, மிக அருகில்)

இந்தக் கழுத்தைக் கவனிங்க. முழுங்கிட்டு ஒரு நொடி சும்மா நிக்கும். அப்புறம் உள்ளேர்ந்து ஒரு உருண்டை மேல ஏறி வரும், பார்த்தீங்களா? கிள்ளான் பக்கத் தோட்டத்துல எங்க பாட்டி மாடு வச்சிருந்தாங்க. அந்த உருண்டையை எண்ணிக்கிட்டே பள்ளிக்கூட பஸ்ஸை விட்டவன் நான். வயித்தோட முதல் அறை நூறு லிட்டருக்கு மேல பிடிக்கும். அதுக்குள்ள நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைக்குது, நம்ம தோசை மாவு மாதிரி. அப்போதான் மீத்தேன் உண்டாகுது. கறவை மாடு ஒண்ணு நாளைக்கு 250லேர்ந்து 500 லிட்டர் மீத்தேன் விடும். ஆனா சத்தமே வராது! வாயுவை நுரையீரலுக்கு இழுத்து, மூச்சோட சேர்த்து விட்டுடும். கல்யாணப் பந்தியில எங்க மாமாவுக்கு இந்த வித்தை தெரியாது.

மீத்தேன் 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு சூடாக்கும். வேதியியல் முடிஞ்சது.

பூமிக்கு எது தேவலை, பட்டியில அடைச்சுத் தீனி போடுறதா, வெளிய மேய்ச்சலா? மேய்ச்சல்னு கமெண்ட் போடப் போறீங்க, பொறுங்க. அமெரிக்கப் பட்டி மாடு மக்காச்சோளம் தின்னு ஒன்றரை வயசுலயே கறிக்குப் போயிடும். புல்லு மட்டும் தின்னா ரெண்டு வருஷம்கூட ஆகும். அத்தனை மாசமும் ஏப்பம். கிலோ கறிக்கு மீத்தேன் கணக்குப் போட்டா புல்லு தோத்துடும். பட்டியும் யோக்கியமில்ல, சாணம் ஒரே இடத்துல குவிஞ்சு தண்ணியில இறங்கும். அமேசான் காட்டை வெட்டி மேய்ச்சல் போட்டா? பேச்சே வேணாம்.

எனக்குப் பிடிச்சது நம்ம மலேசியாவுல செம்பனைக்கு, அதான் பாமாயில் மரத்துக்கு, அடியில மேய்க்கிற வழி. புதுசா நிலம் வேணாம், களைக்கொல்லியும் குறையும். மரம் உயர்ந்த பிறகுதான் விடுவாங்க, இல்லைன்னா இளம் ஓலையைக் கடிச்சிடும். மின்வேலியை நகர்த்திக்கிட்டே இருக்கணும், ஒரே இடத்துல மிதிச்சா மண்ணு இறுகிடும். ஏப்பம் மட்டும் அப்படியேதான் வரும்.

"நாங்க மாட்டுக்கறியே தொடமாட்டோம்"னு பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து ஒரு அக்கா முறைக்கிறாங்க. அக்கா, பத்துமலைக்குத் தூக்குற பால்குடத்துல என்ன இருக்கு? சரி, தே தாரிக்னு நாம ஆத்திக் குடிக்கிற டீக்கு ஊத்துற பால் டின்னையாவது திருப்பிப் பாருங்க. பல டின்ல பாலோட செம்பனை எண்ணெயும் இருக்கும்! உங்க வீட்டு டின்ல என்ன எழுதியிருக்கு? கமெண்ட்ல போடுங்க.