அட்டையைப் பார்த்து வாங்க வைத்தவர்

எல்லோருக்கும் வணக்கம். இசைத்தட்டு அட்டைக்குப் படம் கொண்டுவந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 1939-ல் நியூயார்க்கில் ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் போயிருந்தால் என்ன கண்ணில் பட்டிருக்கும்? பழுப்பும் சாம்பலுமாக முதுகு காட்டி நிற்கும் கட்டுகள், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் தேறினால் பெரிது, அதனால் சிம்பொனி என்கிற நீண்ட இசைக்குழுப் படைப்பு ஒன்றை ஐந்தாறு தட்டுகளாக்கிப் புத்தகம் மாதிரி கட்டி, மேலே பெயரை மட்டும் அச்சடித்து விற்பார்கள். தொழிலில் இருந்தவர்களே அதைக் கல்லறைக்கல் என்றுதான் சொன்னார்கள்.

அந்த வருடம் கொலம்பியா என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். புரூக்ளின்காரர், வயது 22. அட்டையில் படம் போடலாமே என்றார். செலவாகுமே என்று மேலிடம் இழுத்தது. கடைசியில் 1940-ல் ராட்ஜர்ஸ், ஹார்ட் என்ற இசைநாடகப் பாட்டு ஜோடியின் பாடல்களுக்கு ஒன்று செய்தார். அதற்காக இம்பீரியல் தியேட்டர்காரர்களிடம் பேசி, வாசலில் மின்னும் பலகையில் நாடகத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தன் ஆல்பத்தின் பெயரை மாட்டச் சொல்லி, போட்டோ எடுக்க வைத்தார். துணிச்சல்தான்!

அப்புறம் பெரும்பாலும் வரைந்தார். பாடுபவர், வாசிப்பவர் முகத்தை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் ஆள் இல்லை அவர். அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' அட்டையில் தெருவிளக்கின் கீழ் ஒரு பியானோ, பின்னால் நகரத்துக் கட்டடங்கள், ஒரு மனிதர்கூடக் கிடையாது. ஆனாலும் அது எந்த ஊர் இசை, எந்த நேரத்து இசை என்று பார்த்ததுமே தெரிகிறது. புரூனோ வால்டர் இசைக்குழுவை நடத்திப் பதிவு செய்த பீத்தோவனின் 'ஈரோயிகா' சிம்பொனி புது அட்டையோடு வந்தபோது விற்பனை 895 சதவீதம் ஏறியதாக நியூஸ்வீக் பத்திரிகை எழுதியது. மேலிடம் அதற்கப்புறம் செலவைப் பற்றிப் பேசியிருக்குமா என்ன?

1948-ல் எல்.பி. என்கிற, நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்தது. அதன் நுண்ணிய வரிப்பள்ளங்களில் முரட்டுக் காகித உறையின் மடிப்பு தழும்பு போட்டது. மெல்லிய அட்டையின் மேல் அச்சடித்த தாளை ஒட்டி, மடித்து, இன்றுவரை நாம் கையில் பிடிக்கிற அந்த உறையை உருவாக்கியதும் ஸ்டைன்வைஸ்தான். ஒப்பந்தப்படி உரிமைத்தொகை அவருக்கு ஒரு பைசா வரவில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. உறை பரவியது, கூடவே அதில் கலர் போட்டோக்களும் பரவின, வரைந்த அட்டைக்கு மவுசு குறைந்தது. எழுபதுகளில் அவர் தொழிலையே விட்டுவிட்டு ஃபுளோரிடா போய், ஓவியமும் பீங்கான் வேலையுமாக இருந்துவிட்டார்.